பேச்சாளர் பெயர் இங்கே

வாலு: ...முதல்ல அந்த டீயைக் கீழ வைங்க அண்ணி. தளும்புது. லேப்டாப்புக்கு ஊட்டி விட்டுடப் போறீங்க.

அண்ணி: தளும்பல. எத்தனை பேரு?

வாலு: இப்பதானே சொன்னேன்.

அண்ணி: அது டீ போடப் போறதுக்கு முன்னாடி. இப்ப எத்தனை?

வாலு: நீங்க டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஒரு சினிமா தியேட்டர் ரொம்பற அளவுக்குச் சேந்துட்டாங்க. அய்யோ... பாருங்க, பாருங்க! வரைபடத்துல புதுசா ஒரு புள்ளி! கடலுக்கு நடுவுல!

அண்ணி: கடலுக்கு நடுவுலயா? உன் வரைபடம் ஏதாவது உளறுதா?

வாலு: உளறல. பெரிசாக்கிப் பாத்துட்டேன், தீவு! தீவுல ஒருத்தர் உக்காந்துக்கிட்டு நம்ம மாநாட்டுக்குப் பதிஞ்சிருக்காரு!

அண்ணி: தீவுல நெட்டு எப்படி இருக்குமோ... நம்ம வெப்சைட்டு சீக்கிரம் திறந்திருக்குமா?

வாலு: திறக்காமலா பதிஞ்சாரு? நீங்கதான் படத்தையெல்லாம் சுருக்கு சுருக்குன்னு என் உயிரை எடுத்தீங்களே. பெரிய படம் போட்டாத்தான் கெத்துன்னு நான் மல்லுக்கு நின்னேன். தோத்ததுக்கு இன்னிக்கு சந்தோஷமா இருக்கு.

அண்ணி: இன்னொரு தடவை சொல்லு. போன்ல பதிவு பண்ணி உங்க அண்ணனுக்கு அனுப்பறேன். நாத்தனார் வாயால தோத்தேன்னு கேக்கறதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும்.

வாலு: ஒரு தடவைதான். மறுஒளிபரப்பு கிடையாது.

அண்ணி: அந்த நேரம் காட்டற பெட்டி? அவங்கவங்க ஊர் நேரத்தை ஒழுங்கா காட்டுதா?

வாலு: காட்டுது. அதுக்குத்தான் அண்ணன் போனையே பலி குடுத்தோமே.

அண்ணி: பாவம்டீ அவரு. சோதிச்சுப் பாக்கறோம்னு அவர் போன் நேரத்தை உலகத்தோட அந்தக் கோடிக்கு மாத்துன. திருப்பி வெக்கணுமா வேணாமா? மனுஷன் விடியறதுக்கு முன்னாடியே குளிச்சு டை கட்டிட்டு ஆபீஸ் வாசல்ல போய் நின்னாரு.

வாலு: வாட்ச்மேன் ஆபீசுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டாராம்... சிரிக்காதீங்க, டீ! டீ சிந்துது!

அண்ணி: சரி, சரி. அரபி மாதிரி வலமிருந்து இடமா படிக்கறவங்க பக்கம்?

வாலு: கண்ணாடில பாக்கற மாதிரி மொத்தமா திரும்பிடுச்சு. அம்புக்குறி, மெனு எல்லாம். அந்த ஓடற மனுஷன் படம் மட்டும் பின்பக்கமா ஓடிட்டு இருந்தாரு. காலைல எழுந்ததும் அவரையும் திருப்பி விட்டேன்.

அண்ணி: உலகத்துல இருக்கற ப்ரோக்ராமர்ங்க எல்லாம் கூடற மாநாடு. அதுக்கு வெப்சைட்டு இந்த சாப்பாட்டு மேசையில இருந்து வந்துச்சுன்னா எவனாவது நம்புவானா?

வாலு: பாதி மேசைதான் அண்ணி. மீதிப் பாதில நேத்து துவைச்ச துணி இருக்கு.

அண்ணி: நீ மடிக்கறேன்னு சொன்ன துணி.

வாலு: ப்ரோக்ராம் கோடு எழுதறவ துணி மடிக்க மாட்டா. டிசைன் பண்றவங்கதான் மடிப்பு கலையாம... ஆ! கிள்ளாதீங்க! சரி, ஒரு வேடிக்கை பாக்கலாமா? யார் பேச்சுக்கு நட்சத்திரம் அதிகம்னு?

அண்ணி: நட்சத்திரம் வேலை செய்யுதா?

வாலு: பிச்சுக்கிட்டு போகுது. எந்தப் பேச்சைக் கேக்க வர்றாங்களோ அதுக்கு நட்சத்திரம் போடறாங்க. அதை வெச்சுத்தான் எந்தப் பேச்சுக்கு எந்த ஹால்னு தலைவி மேடம் முடிவு பண்ணப் போறாங்க. சொல்லுங்க, எது முதல்ல இருக்கும்?

அண்ணி: அந்தத் தாடிக்காரர் பேச்சுதான். அவருக்குத்தான் ஊரெல்லாம் ரசிகர்.

வாலு: தப்பு. தாடி ரெண்டாவது.

அண்ணி: அவரையே தாண்டிட்டாங்களா? யாரு?

வாலு: முதல் இடம்... டொட்டடொய்ங்... 'உங்கள் பெயர் தவறு'! நல்ல தலைப்புல்ல? தாடியால இதுக்குப் பக்கத்துலயே வர முடியல. மடங்கு மேல மடங்கு.

அண்ணி: என்ன தலைப்பு சொன்ன?

வாலு: 'உங்கள் பெயர் தவறு'. பேசறது யாருன்னா... இருங்க... 'பேச்சாளர் பெயர் இங்கே'. போட்டோல சாம்பல் கலர்ல ஒரு மொட்டைத் தலை.

அண்ணி: வாலு... அது நான் போட்ட மாதிரி அட்டை.

வாலு: ஆங்?

அண்ணி: பேச்சாளர்ங்க விவரம் வர்றதுக்கு முன்னாடி, பக்கத்துல அட்டை எப்படி நிக்குது, எழுத்து நீளமானா கிழிஞ்சுடுமான்னு பாக்க ஒரு பொய் அட்டை போட்டேன்ல? எல்லா டிசைனரும் போடறதுதான். கண்டதையும் எழுதாம நெஜ பேச்சு மாதிரியே, பேரைத் தப்புன்னு சொல்ற ஃபார்முங்களைப் பத்தி நாலு வரி எழுதி... நீ அப்புறம் எடுத்துடறேன்னு சொன்ன!

வாலு: அடடா... மறந்துட்டேன் போல அண்ணி.

அண்ணி: மறந்துட்டியா! இல்லாத ஆளு, இல்லாத பேச்சு... அதைக் கேக்க உலகமே வரிசைல நிக்குது!

வாலு: எடுத்துடவா? ஒரே ஒரு தட்டு. இருந்த இடம் தெரியாம போயிடும்.

அண்ணி: இரு. அவசரப்படாத. நட்சத்திரம் போட்டவங்கல்லாம் எங்க காணோம்னு கேப்பாங்கல்ல?

வாலு: கேப்பாங்கதான்.

அண்ணி: ஆனா ஏன் போட்டாங்க? மொட்டைத் தலையைப் பாத்து யாரு போடுவா?

வாலு: அதுதான் எனக்கும் புரியல. கீழ என்னமோ பேசிக்கறாங்க... ஹையோ, அண்ணி! இதைக் கேளுங்க. 'பெயரைப் பற்றிய பேச்சுக்குப் பேச்சாளர் பெயரையே போடாமல் விட்டிருக்கிறார்கள். யார் மூளை இது? பிரமாதம்.'

அண்ணி: என்னது?

வாலு: வேணும்னே பண்ணின தந்திரம்னு நினைச்சுட்டாங்க! இன்னொருத்தர், 'இந்தத் தளத்தை வடிவமைத்தவருக்கு ஒரு கும்பிடு.' உங்களுக்குத்தான் அண்ணி, வாங்கிக்குங்க.

அண்ணி: இங்க தலையே போகுது, நீ கும்பிடு குடுக்கற.

வாலு: இருங்க, இன்னும் இருக்கு. ஒருத்தருக்கு ஒரே பேருதானாம். ஆஸ்பத்திரி ஃபார்ம் ரெண்டு பேரு கேட்டுச்சாம். வேற வழியில்லாம அதே பேரை ரெண்டு தடவை போட்டாராம். இப்ப நர்சு கூப்பிடறப்பல்லாம் ரெண்டு தடவை கூப்பிடறாங்களாம். கேக்கறவங்க எல்லாம் ஏதோ அவசரம்னு நினைச்சு எழுந்து நிக்கறாங்களாம்!

அண்ணி: பாவம்.

வாலு: இன்னொரு அம்மா. பேரு ரொம்ப நீளம். விமான டிக்கெட்டுல பாதியில வெட்டிடுச்சாம். டிக்கெட்டுல நின்ன பாதி அவங்க பாஷைல கெட்ட வார்த்தையாம். கவுன்டர்ல இருந்தவரு முகத்தைத் திருப்பிக்கிட்டாராம்.

அண்ணி: இதை எழுதி வெச்சுக்கணும்.

வாலு: எதுக்கு?

அண்ணி: சும்மா... நல்லா இருக்குன்னு சொன்னேன். ஒரே எழுத்துல பேரு இருக்கறவங்க யாராவது எழுதியிருக்காங்களா பாரு.

வாலு: ஒருத்தரில்ல, ஒரு கூட்டமே இருக்கு. 'சரியான பெயரை உள்ளிடவும்னு சொல்லுது. எங்கம்மா வெச்ச பேரை விடச் சரியான பேரை எந்தக் கடையில போய் வாங்கறது'ன்னு கேக்கறாரு ஒருத்தர். எனக்கே ரோமம் சிலுத்துக்குது அண்ணி... அச்சோ. போன்.

அண்ணி: யாரு?

வாலு: தலைவி! மாநாட்டுத் தலைவி மேடமேதான்!

அண்ணி: எடுக்காத.

வாலு: எடுக்கலன்னா வீட்டுக்கே வந்துடுவாங்க. ஸ்பீக்கர்ல போடறேன்... வணக்கம் மேடம்.

தலைவி: யாரும்மா அது?

வாலு: எது மேடம்?

தலைவி: நடிக்காத. அந்த மொட்டைத் தலை! ரெண்டு பேரும் என்கிட்டயே மறைச்சு ஒரு வேலை பண்ணியிருக்கீங்க. காலைலேர்ந்து என் போன் கீழ வெக்க முடியல. டிசைனரம்மா பக்கத்துல இருக்காங்களா?

அண்ணி: இருக்கேன் மேடம்.

தலைவி: அற்புதம்மா! இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. கமிட்டில ஒவ்வொருத்தரா கேட்டேன். யார் தேர்ந்தெடுத்த பேச்சுன்னா, ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டறாங்க. எல்லாரும் 'நல்ல தேர்வு, நல்ல தேர்வு'ன்னு மண்டைய ஆட்டறாங்க. ஒருத்தருக்கும் ஆளு யாருன்னு தெரியல!

வாலு: அப்படியா மேடம்...

தலைவி: கேளுங்க. அதைச் சின்ன ரூம்ல போட்டிருக்கு. அங்க கால் வெக்க இடம் இருக்காது. பெரிய ஹாலுக்கு மாத்தறேன். மாநாட்டோட முதல் பேச்சே அதுதான்.

அண்ணி: முதல் பேச்சா?

தலைவி: ஆமா. ஆளு எந்த நாடா இருந்தாலும் டிக்கெட் போட்டுடுவோம். விசாவுக்கு லெட்டர் நானே எழுதித் தரேன். இப்ப ஸ்பான்சர்ங்களோட மீட்டிங்குக்குள்ள போறேன். வெளிய வந்ததும் கூப்பிடுவேன், பேரு வேணும். ஆங், அடுத்த வருஷ வெப்சைட்டும் உங்களுக்குத்தான்னு உள்ள சொல்லிடப் போறேன். சந்தோஷமா?

வாலு: சந்தோஷம் மேடம்... வெச்சுட்டாங்க. அண்ணி, மூச்சு விடுங்க.

அண்ணி: அடுத்த வருஷமும் நமக்குத்தான்னு சொல்லப் போறாங்க. அந்த மொட்டைத் தலைக்கு உடம்பே கிடையாதுன்னு தெரிஞ்சா, இந்த வருஷமே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிடுவாங்க. அவங்க மானமும் சேந்து போகும். உலகத்துக்கு முன்னாடி!

வாலு: அப்ப எடுத்துடலாமா? பேச்சாளருக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு வரி போட்டுட்டு...

அண்ணி: பொய்யைப் பொய்யால துடைக்கறதா? வேணாம். யோசிக்க விடு.

வாலு: அப்ப ஒரே வழிதான். உடம்பு தேடணும். நல்லா பேசத் தெரிஞ்ச ஒரு ப்ரோக்ராமரைப் பிடிச்சு, தலைப்பு இது, நாலு வரி இது, மீதிய நீங்களே பாத்துக்குங்கன்னு குடுத்துடலாம்.

அண்ணி: யாரைப் பிடிப்ப?

வாலு: எங்க பழைய ஆபீஸ்ல ஒரு மைக் மோகன்... சே, பட்டப்பேருதான், மைக்குன்னா விட மாட்டாரு. அவரு எதைப் பத்தி வேணா பேசுவாரு. இந்த நாலு வரியைப் படிச்சுட்டு, பேரை வெச்சு நாலு ஜோக்கு, நடுவுல ஒரு போட்டோ, முடிவுல 'மாற வேண்டும் உலகம்'...

அண்ணி: ஜோக்கா? அது ஜோக்கடிக்கற பேச்சு இல்ல. முதல்ல அந்தப் பேரு கேக்கற பெட்டி முன்னாடி உக்காந்திருக்கறவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு காட்டணும். வெறும் மூஞ்சி, பேச்சே இல்லாம. அப்புறம்தான் பெட்டிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு வரணும். பேரைத் திருப்பி விடற அந்த ஒரு வரி கோடு, அதைக் கடைசி வரைக்கும் திரையில இருந்து எடுக்கவே கூடாது. அவரு பாட்டுக்கு நடுவுல போட்டோ போட்டார்னா மொத்தமும் போச்சு!

வாலு: ஓஹோ.

அண்ணி: என்ன ஓஹோ?

வாலு: இல்ல, மாதிரிக்கு எழுதின நாலு வரின்னு சொன்னீங்க. முதல்ல மூஞ்சி, அப்புறம் பெட்டி, கடைசி வரைக்கும் திரைன்னு இவ்வளவும் அந்த நாலு வரிக்குள்ள எங்க இருக்குன்னு தேடறேன். காணோம்.

அண்ணி: தோணுச்சு... சொன்னேன்.

வாலு: அண்ணி.

அண்ணி: துணியை மடிச்சுட்டு வரேன்.

வாலு: நான் மடிக்கறேன், நீங்க உக்காருங்க. அண்ணி, அது மாதிரியா? நெஜமா? முழுசா எழுதியிருக்கீங்களா?

அண்ணி: படம் எல்லாம் வரைஞ்சே வெச்சிருக்கேன். பேசியும் பாத்துட்டேன்.

வாலு: யார்கிட்ட?

அண்ணி: வாஷிங் மெஷின்கிட்ட. அது ஓடறப்ப பேசினா வெளிய கேக்காது.

வாலு: அதான் கொஞ்ச நாளா தினம் துணி துவைக்கறீங்களா! போட்டிருக்கற சட்டையக் கழட்டிக் குடுன்னு என்னைத் துரத்தினீங்களே!

அண்ணி: சிரிக்காத வாலு.

வாலு: அண்ணனுக்குத் தெரியுமா?

அண்ணி: ஒரு தடவை அவர்கிட்டயும் பேசிக் காட்டினேன். நல்லாத்தான் கேட்டாரு. பாதியில குறட்டை.

வாலு: அவரு சாப்பிடும்போதே தூங்கறவரு, அதெல்லாம் கணக்குல சேக்காதீங்க. சரி, இவ்வளவு பண்ணினவங்க ஏன் அனுப்பல? பேச்சு அனுப்புங்க, பேச்சு அனுப்புங்கன்னு மேடம் மாசக்கணக்கா கத்தினாங்களே?

அண்ணி: அனுப்பினேன்.

வாலு: இல்லயே. வந்த எல்லாத்தையும் நான்தானே கமிட்டிக்கு எடுத்துக் குடுத்தேன். உங்களது வரல.

அண்ணி: வந்திருக்காது. ஃபார்ம் விடல.

வாலு: எந்த ஃபார்ம்?

அண்ணி: நீ எழுதினது.

வாலு: ...நான் எழுதினதா?

அண்ணி: வெப்சைட்டுக்கு நான் வர்றதுக்கு முன்னாடியே நீ ஒரு பேச்சாளர் ஃபார்ம் எழுதி வெச்சிருந்தல்ல. அதுல என் பேரைப் போட்டேன். குடும்பப் பேரு கட்டாயம்னுச்சு. எனக்கு ஏது? எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு பேருதான். காலியா விட்டேன், விடல. ஒரு புள்ளி வெச்சேன், விடல. சின்னதா கோடு இழுத்தேன்...

வாலு: போதும் அண்ணி...

அண்ணி: செவப்பு எழுத்துல, 'சரியான பெயரை உள்ளிடவும்'.

வாலு: அய்யய்யோ... அய்யய்யோ! நான் என் பேரைப் போட்டுத்தானே சோதிச்சேன்! எனக்குப் பின்னாடி அப்பா பேரு ஒட்டிக்கிட்டு இருக்கு. பச்சை டிக்கு வந்துச்சு. ஆச்சுன்னு மூடிட்டேன். 'உங்கள் பெயர் தவறு'ன்னு பேச வந்தவங்களைப் பாத்து, உங்க பேரு தப்புன்னு சொல்லி வாசல்லயே நிறுத்தி... அதை எழுதினது நான்!

அண்ணி: அழறியா சிரிக்கறியா நீ?

வாலு: ரெண்டும். ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல? ஒத்த வரி! எடுத்துப் போட்டிருப்பேனே! பக்கத்து நாற்காலில உக்காந்திருக்கேனே!

அண்ணி: சொன்னா, நான் பேச்சு அனுப்பறேன்னு உனக்குத் தெரிஞ்சுடும்ல.

வாலு: தெரிஞ்சா?

அண்ணி: கோடு எழுதறவங்க மாநாடு அது. கோடே எழுதத் தெரியாத ஒருத்தி மேடை ஏறப் போறாளான்னு...

வாலு: யாரு சொல்லுவா அப்படி?

அண்ணி: நீ சிரிப்ப. நீ எல்லாத்துக்கும் சிரிப்ப. மத்ததுக்கெல்லாம் சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும். இதுக்குச் சிரிச்சிருந்தா... தாங்கியிருக்க மாட்டேன். அந்தப் பெட்டி உன் பேரு தப்புன்னு சொல்லிச்சு. நானும் சரின்னு கேட்டுக்கிட்டு மூடி வெச்சுட்டேன்.

வாலு: பார்வையாளர் பதியற பக்கத்துல பேருக்கு ஒரே கட்டம்தான் வெக்கணும், நீளமா வெக்கணும், எதையும் கட்டாயம் ஆக்கக் கூடாதுன்னு அடம் பிடிச்சீங்களே. நான்கூட என்னடா இவ்வளவு பிடிவாதம்னு... அது இதுக்குத்தானா?

அண்ணி: வேற யாருக்கும் ஆக வேணாம்னுதான்.

வாலு: தள்ளுங்க. லேப்டாப்பை இப்படிக் குடுங்க.

அண்ணி: என்ன பண்ற?

வாலு: பேச்சாளர் ஃபார்மைத் திறக்கறேன். எங்க அந்தப் படுபாவி வரி... இதோ இருக்கா. கும்முனு உக்காந்திருக்கு பாருங்க. ஒழிஞ்சது! தூக்கிட்டேன். இன்னொண்ணு, ரெண்டெழுத்தாவது இருக்கணுமாம். நீயும் போ. போடுங்க உங்க பேரை.

அண்ணி: இப்பவா? அனுப்பற நாளெல்லாம் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு.

வாலு: கதவு வெச்சவளே திறந்து விடறேன், உள்ள வாங்க. போடுங்க!

அண்ணி: ...போட்டுட்டேன்.

வாலு: அமுக்குங்க.

அண்ணி: நீ அமுக்கு.

வாலு: உங்க பேரு, உங்க விரல். அமுக்குங்க அண்ணி!

அண்ணி: அமுக்கிட்டேன்... பச்சை.

வாலு: பச்சை!

அண்ணி: வாலு, பச்சை டிக்கு! ஏத்துக்கிச்சு! என் பேரை ஏத்துக்கிச்சு!

வாலு: கத்துங்க, இன்னும் கத்துங்க! வாஷிங் மெஷின் வேற ஓடல, ஊருக்கே கேக்கட்டும்... போன். அண்ணி, போன்! மேடம் வெளிய வந்துட்டாங்க.

அண்ணி: என்ன சொல்றது?

வாலு: நான் வாயே திறக்க மாட்டேன். நீங்கதான். ஸ்பீக்கர் போட்டுட்டேன்.

தலைவி: ஹலோ, சொல்லுங்கம்மா. பேரு?

அண்ணி: மேடம்... ஒரு விஷயம் சொல்லணும்.

தலைவி: விஷயம் அப்புறம். எந்த நாடு சொல்லுங்க, விசா ஆளு பக்கத்துலயே நிக்கறாரு.

அண்ணி: விசா வேணாம் மேடம். பஸ்ஸு போதும்.

தலைவி: என்னது?

அண்ணி: அது நான்தான்.

தலைவி: நீங்களா?

அண்ணி: அது தந்திரம் இல்ல மேடம். அட்டை நிக்குதான்னு பாக்க நான் போட்ட மாதிரி. எடுக்காம விட்டுப் போச்சு. கமிட்டி பாத்த பேச்சு இல்ல. தப்பு எங்களோடது. ஆனா பேச்சு பொய் இல்ல. முழுசா இருக்கு.

தலைவி: நீங்க டிசைனர்தானேம்மா? கோடு எழுதுவீங்களா?

அண்ணி: எழுத மாட்டேன். அந்தப் பெட்டியை எழுதினவங்கதான் மேடம் அந்த ஹால்ல உக்காந்திருப்பாங்க. அதுக்கு முன்னாடி உக்காந்து திட்டு வாங்கினவங்க யாராவது ஒருத்தர் மேடையில நிக்க வேணாமா? இந்த மாநாட்டுக்கு நானும் ஒழுங்கா பேச்சு அனுப்பினேன். நம்ம ஃபார்மே என் பேரு தப்புன்னு திருப்பி அனுப்பிடுச்சு.

தலைவி: நம்ம ஃபார்மா?

அண்ணி: நம்ம ஃபார்ம்தான்.

தலைவி: உலகம் பூரா வாங்கன்னு விளம்பரம் பண்ணிட்டு, நம்ம வாசல்லயே... எழுதினது யாரு?

வாலு: ...நான்தான் மேடம்.

தலைவி: வாய் திறக்கறா பாரு! எனக்குக் கோவம் வருதா சிரிப்பு வருதான்னே தெரியல. அம்மா, இப்ப சொன்னீங்களே, நம்ம ஃபார்மே திருப்பி அனுப்பிடுச்சுன்னு. அதை மேடையில சொல்லுவீங்களா? எல்லாருக்கும் முன்னாடி?

அண்ணி: உங்களுக்குச் சங்கடமா இருக்குமே மேடம்.

தலைவி: சங்கடமா இருக்கட்டும், சொல்லுங்க. முதல் வரியே அதா இருக்கட்டும். முழுப் பேச்சையும் கமிட்டிக்கு இப்பவே அனுப்புங்க, முறைப்படி படிக்கட்டும். காலைலேர்ந்து நல்ல தேர்வுன்னு மண்டைய ஆட்டினவங்க இப்ப எப்படி மாட்டேம்பாங்கன்னு நானும் பாக்கறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அட்டை அப்படியே இருக்கட்டும். பேரு போட வேணாம். அதுக்குத்தான் கூட்டம் அள்ளுது.

அண்ணி: இல்ல மேடம்.

தலைவி: என்ன இல்ல?

அண்ணி: பேரு போடணும். வேற எது சொன்னாலும் கேக்கறேன். ஒரு பெட்டிக்குள்ள ஏற என் பேரு இவ்வளவு நாள் வெளிய நின்னுச்சு. இனிமே நிக்கக் கூடாது.

தலைவி: போடுங்கம்மா. பெரிசா போடுங்க. போட்டோவும். அந்த மொட்டைத் தலையை முதல்ல கழட்டுங்க. வெக்கறேன்.

வாலு: அண்ணி! அண்ணி, அண்ணி, அண்ணி!

அண்ணி: விடுடீ, கழுத்து! நாற்காலி சாயுது!

வாலு: முதல் பேச்சு! பெரிய ஹால்! என் அண்ணி! நான் முன் வரிசைல உக்காந்து விசில் அடிப்பேன். ஒரே ஒரு இடத்துலகூட சிரிக்க மாட்டேன், சத்தியமா.

அண்ணி: நர்சு ரெண்டு தடவை கூப்பிடற இடத்துல சிரிக்கலாம்.

வாலு: வாங்க, அட்டைல பேரு போடுவோம்... இதோ. எவ்வளவு நீளப் பேரு வந்தாலும் கிழியாத அட்டைல சின்னதா ஒத்தப் பேரு. பக்கத்துல எவ்வளவு இடம் காலியா இருக்கு பாருங்க. ராணி மாதிரி கால் நீட்டிட்டு உக்காந்திருக்கு.

அண்ணி: ...நல்லா இருக்குல்ல?

வாலு: இந்த வெப்சைட்டுலயே அதுதான் நல்லா இருக்கு. தாடியோட பேரெல்லாம் கிட்டயே வர முடியாது. நட்சத்திரம் பாருங்க, குறையவே இல்ல. ஏறுது! 'பெயர் வந்துவிட்டது'ன்னு ஒருத்தர் கத்தறாரு. நம்ம தீவுக்காரரும் போட்டுட்டாரு!

அண்ணி: வாலு, அந்த டீயை எடு. இப்பதான் குடிக்கணும்னே தோணுது.

வாலு: ஆறிப் போச்சு. சூடு பண்ணித் தரேன்... அண்ணி, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

அண்ணி: இன்னிக்கு யாரையும் திட்டறதா இல்ல. சொல்லு.

வாலு: அந்த அட்டையை எடுக்க நான் மறக்கல. எடுக்கலாம்னுதான் போனேன். அந்த நாலு வரியைப் படிச்சேன். மாதிரிக்கு எவளும் இப்படி எழுத மாட்டான்னு தோணுச்சு. கேட்டா மழுப்பிடுவீங்க. அதான் விட்டுட்டேன், வேணும்னேதான். நீங்க பாத்தா உடனே எடுக்கச் சொல்லிடுவீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன்.

அண்ணி: நேத்து வெப்சைட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமா கடைசியா பாத்தது நான்தான் வாலு. அந்த அட்டைகிட்ட வந்ததும் மவுஸை அப்படியே வெச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்... அதுக்கப்புறம்தான், அதை எடுக்காமலே, 'எல்லாம் பாத்தாச்சு, திறந்துடு'ன்னு உன்கிட்ட சொன்னேன்.